பிள்ளைக்குப் பல் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்

வீடு, பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு, தடுப்பூசி அட்டை என்று வேறு நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பிள்ளையின் பல் அதில் இருக்காது. எங்கள் பட்டியலிலும் இல்லை. இங்கே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, மகளுக்கு மூன்றரை வயது. ஒரு ராத்திரி பல் தேய்த்துவிடும்போது மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்பற்கள் ஈறோடு சேரும் இடத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோல வெள்ளை. பால் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை.

அது சொத்தையின் முதல் படி. பல்லின் கடினமான மேல்படலமான எனாமலிலிருந்து தாதுச்சத்து கரையத் தொடங்கினால் பல் அப்படித்தான் பளபளப்பு இழந்து வெளுக்கும். அந்த நிலையிலேயே கண்டுபிடித்தால் மருத்துவர் பல்லில் பூசிவிடும் புளோரைடு வார்னிஷும் ஒழுங்கான துலக்கலுமாகத் தடுத்து நிறுத்த முடியும். குழி விழுந்துவிட்டால் அது தானாக மூடாது.

அன்றுதான் பல் மருத்துவரைத் தேட ஆரம்பித்தோம். புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடம் கிடைத்து, அவர்கள் தேதி கொடுக்க ஏழு வாரம் ஆயிற்று. வலி இல்லாததால் தாங்கினோம். ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையோடு அந்த ஏழு வாரத்தைக் கடத்துவதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் சொல்கிறேன், வந்த முதல் மாதத்திலேயே, பல்லில் ஒரு குறையும் இல்லாதபோதே பிள்ளையின் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

எந்த வயதில் போவது? முதல் பல் பெரும்பாலும் ஆறு மாத வாக்கில் முளைக்கும். அது முளைத்த ஆறு மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டச் சொல்கிறார்கள் குழந்தைகளுக்கான பல் மருத்துவர்கள். இத்தனை சின்னப் பிள்ளையை நாற்காலியில் எப்படி உட்கார வைப்பது என்று பயப்பட வேண்டாம். நீங்களும் மருத்துவரும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்காருவீர்கள். பிள்ளை உங்களைப் பார்த்தபடி மடியில் இருக்கும், தலை மட்டும் மருத்துவர் மடியில் சாயும். ஒன்றிரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். அழுதாலும் பரவாயில்லை, அழும்போது வாய் நன்றாகத் திறக்கும்.

மொழி புதிதாக இருக்கும் பிள்ளைக்கு அந்த அறை இன்னும் அந்நியமாகத் தெரியும். பெற்றோர் கூடவே இருக்கலாமா, மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று பதியும்போதே கேளுங்கள். "வாயைத் திற", "முடிந்துவிட்டது" போன்ற நாலைந்து சொற்களை அந்த ஊர் மொழியில் வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். "சேட்டை பண்ணினால் டாக்டர் ஊசி போடுவார்" என்ற மிரட்டல் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பயம் பல வருஷம் போகாது.

"பால் பல்தானே, விழத்தானே போகிறது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், உண்மைதான். ஆனால் பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. அவற்றைச் சீக்கிரமே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் நகர்ந்து, அடியிலிருந்து வரும் பல்லுக்கு வழி இல்லாமல் போகும். பால் பல்லின் எனாமல் மெல்லியது, சொத்தை வேகமாக உள்ளே இறங்கும். இன்னொன்று, ஆறு வயது வாக்கில் பால் பற்களுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பலரும் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அதன் பள்ளங்களில் சொத்தை வராமல் மூடிவைக்கும் சீலன்ட் என்ற பூச்சைப் பூச வேண்டுமா என்று அந்த வயதில் கேளுங்கள்.

வீட்டில் முக்கியமானது ராத்திரித் துலக்கல். தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறையும், பல்லுக்கு இயல்பான பாதுகாப்பு இருக்காது. பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிட்டால் மேல் முன்பற்கள்தான் முதலில் போகும். மூன்று வயதுவரை பேஸ்ட் ஓர் அரிசி அளவு, அப்புறம் ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். குழந்தைகளுக்கான பேஸ்டில் புளோரைடு எவ்வளவு இருக்கலாம் என்ற பரிந்துரை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். கொண்டுவந்த டியூபை முதல் முறை போகும்போதே எடுத்துப்போய்க் காட்டிவிடுங்கள். ஏழெட்டு வயதுவரை துலக்கிவிடுவது நம் வேலைதான்.

காப்பீட்டு விஷயம்: பல நாடுகளில் பல் சிகிச்சை பொது மருத்துவக் காப்பீட்டில் வராது, தனியாக எடுக்க வேண்டியிருக்கும். சில திட்டங்களில் சேர்ந்தவுடன் எல்லாச் சிகிச்சைக்கும் பணம் தரமாட்டார்கள், சில மாதம் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் அரசுச் சலுகை இருக்கிறதா என்று பள்ளியிலோ குழந்தை மருத்துவரிடமோ விசாரியுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

விடுமுறை நாளில் பல் அவசரத்துக்கு எங்கே கூப்பிடுவது என்பதையும் இப்போதே குறித்து வையுங்கள். விழுந்து அடிபட்டு நிரந்தரப் பல் முழுசாக வெளியே வந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் லேசாகக் கழுவி, அதே குழியில் திரும்ப வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே ஓடுங்கள், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் வளரும் பல் கெட்டுவிடும். பிள்ளையையும் அந்தப் பல்லையும் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.