முக அளவையில் ‘லேண்ட்மார்க்’: முகக்குறி, நிலைக்குறி, மாறுகுறி

முகத்தை அளக்க அடையாளமாகக் கொள்ளும் புள்ளியை ஆங்கிலத்தில் ‘லேண்ட்மார்க்’ என்கிறோம். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்தவை அடையாளப் புள்ளி, எல்லைக்குறி, முகக்குறி. கடைசியது எனக்குச் சம்மதம். ஆனால் அழகுச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளப்பவருக்கு அந்த ஒரு சொல் போதாது.

முடியெல்லை முதல் புருவமத்தி, அங்கிருந்து மூக்கடி, அங்கிருந்து மோவாய் அடி என முகத்தை முக்கூறாக்குகிறோம். (உருவத்தை ஒன்பது முக அளவாகக் கொள்ளும் சிற்பிகளின் நவதாலக் கணக்கிலும் 12 அங்குல முகம் நான்கு நான்கு அங்குலமாக முக்கூறாகத்தான் பிரியும்.) ஒவ்வொரு கூறும் 60 மி.மீ. என்று கொள்வோம். மோவாயில் ஃபில்லர் (தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் நிரப்பி) இட்டுக் கீழ்க்கூறு 64 ஆனால் மொத்தம் 184. கை படாத மேற்கூறு 33.3 விழுக்காட்டிலிருந்து 32.6க்கு இறங்கிவிடும். நெற்றி குறுகியது என்று அறிக்கை சொல்லும்! வகுக்கும் எண்ணுக்குள்ளேயே சிகிச்சை புகுந்துவிட்டது. உள்விழிக்கோடிகளின் (மூக்கை ஒட்டிய கண்முனைகளின்) இடைவெளி 32 மி.மீ. என்றால் அதனால் வகுத்துப் பாருங்கள்: மேற்கூறு இரு முறையும் 1.88, கீழ்க்கூறு மட்டும் 2.00 ஆகும்.

ஆகவே சிகிச்சை தொடாத புள்ளி நிலைக்குறி, தொட்டது நகர்குறி.

மறுமொழி:

ஐயா, நிலைக்குறி சரி, நகர்குறி இடிக்கிறது. சிரித்தால் வாய்க்கோடியும் நகரும். அது படமெடுக்கும்போதே தடுக்க வேண்டிய பிழை. சிகிச்சையால் வருவதை ‘மாறுகுறி’ என்போம்.

நிலைக்குறி என்பது புள்ளியின் பிறவிக்குணமும் அன்று. மோவாய்ச் சிகிச்சையில் மூக்குவேர் நிலைக்குறி; மூக்குத்தண்டில் ஃபில்லர் இட்டால் அதுவே மாறுகுறி. முடி நட்டவருக்கு முடியெல்லை உதவாது. உள்விழிக்கோடி மடிப்பைத் திருத்தியவருக்கு உங்கள் 32 மி.மீ.யும் போச்சு, அப்போது கருவிழியின் குறுக்களவு, பெரியவர்களுக்கு ஏறத்தாழ 12 மி.மீ., கைகொடுக்கும். வரையறையில் ‘இச்சிகிச்சையில்’ என்ற சொல் இருந்தே ஆகவேண்டும்.

படம் ஒழுங்காக இல்லாவிட்டால் எந்தக் குறியும் நிலைக்காது. 1.5 மீட்டரில் எடுப்பதைவிட 30 செ.மீ. செல்ஃபியில் மூக்கின் அடி சுமார் 30 விழுக்காடு அகன்று தெரியும். இரு முறையும் ஒரே லென்ஸ், ஒரே தூரம். பற்கள் சேர்ந்து, உதடு தளர்ந்து. காதுத்துளையின் மேல்விளிம்பும் கண்குழியின் கீழ்விளிம்பும் ஒரே கிடைமட்டத்தில் நிற்கட்டும். தலை குனிந்தால் கீழ்க்கூறு குறைந்து காட்டும். ஃபில்லர் வீக்கம் வடிய இரண்டு வாரமாவது விட்டு அளக்கவேண்டும்.

காதுத்துளையும் கண்குழியும் ஒரே கிடைமட்டத்தில் நிற்கும் அந்தத் தலைநிலைக்கு, ஆங்கிலப் பெயரை ஒட்டி, ‘பிராங்பர்ட் கிடைத்தளம்’ என்றே வைத்துக்கொள்ளலாமா? ஊர்ப்பெயரை மொழிபெயர்ப்பதற்கில்லை.