1,65,000 சம்பளம், 20ஆம் தேதிக்கு மேல் கையில் காசில்லை – வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறோம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 1,65,000 ரூபாய். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஊரில் சொன்னால் கடன் கேட்பார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

5ஆம் தேதிக்குள் போய்விடுவது: வீட்டுக் கடன் 52,000, கார் 18,500, மாமனார் மாமியாருக்கு 15,000, நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோன் 14,500, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு மாதம் 22,000. மிச்சம் 43,000. மளிகை, பெட்ரோல், மெயின்டனன்ஸ், மருந்து எல்லாம் அதில்தான். 20ஆம் தேதிக்கு மேல் கிரெடிட் கார்டு.

வீட்டுக் கடன் 60 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம். முதல் மாதத் தவணையில் 42,500 வட்டிக்கே போனதைப் பார்த்தபோது அடிவயிறு கலங்கியது. கார் வாங்கியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். திட்ட வேண்டாம், வீட்டிலேயே திட்டு வாங்கியாகிவிட்டது.

ஏப்ரலில் போனஸ் 2 லட்சம் வரும். பர்சனல் லோனுக்கு வட்டி 14 சதவீதம், இன்னும் 3 லட்சம் பாக்கி. முன்கூட்டி அடைத்தால் அபராதமும் உண்டு. வீட்டுக் கடனில் அபராதம் இல்லை. எதில் கட்டுவது? இல்லை, அவசரத்துக்கென்று அப்படியே வங்கியில் போட்டு வைக்கவா? அப்புறம், பி.எஃப்.பில் நானாகக் கூடுதலாகப் பிடிக்கச் சொன்ன 5,000ஐ நிறுத்திவிடலாமா? இப்போதைக்கு எங்கள் ஒரே சேமிப்பு அதுதான்.

இதே நிலையிலிருந்து மீண்டவர்கள் எதை முதலில் வெட்டினீர்கள்?