எஃப் 1.8 லென்ஸும் இரவு முகங்களும்: திருகோணமலையில் எடுத்துப் பழகியவர்கள் சொல்வது

உவர்மலையில் இருந்து:

அகன்ற துளை லென்ஸ் கைக்கு வந்தவுடன் எல்லாரும் விடுகிற பிழை, எஃப் 1.8 இல் (எண் சிறிதென்றால் துளை பெரிது) வைத்துக்கொண்டு ஆளுக்குக் கிட்டக் கிட்டப் போவதுதான். கமராத் திரையில் படம் பளிச்சென்று தெரியும். கணினியில் போட்டுப் பெரிதாக்கினால் மூக்கு நுனி கூர்மை, கண் பஞ்சு. இருட்டில் எடுத்த முகப்படங்கள் பழுதாவதற்கு வெளிச்சக் குறைவை விட இதுதான் பெரிய காரணம்.

கணக்கு இப்படி வரும். ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சர்) கமரா, 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8. ஆள் ஒன்றரை மீற்றரில் இருந்தால் முன்னும் பின்னும் சேர்த்துக் கூர்மையாக வருவது ஏறத்தாழ 10 செ.மீ. ஒரு மீற்றருக்குக் கிட்டினால் 4 செ.மீ. சொச்சம். 85 மி.மீ. லென்ஸ் என்றால் இரண்டு மீற்றரில் 6 செ.மீ., ஒரு மீற்றரில் ஒன்றரை செ.மீ. ஆள் மூச்சு விட்டாலே அந்த அளவைத் தாண்டி அசைந்துவிடுவார். தூரம் பாதியானால் இந்தக் கூர்மையின் ஆழம் காலாகும் என்பது மனதில் இருந்தால் அட்டவணை தேவையில்லை.

அடுத்தது, நடு ஃபோகஸ் புள்ளியால் கண்ணைப் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே கமராவைத் திருப்பிப் படத்தை அமைக்கிற பழக்கம். எஃப் 5.6 இல் அதனால் ஒரு கெடுதியும் இல்லை. ஒன்றரை மீற்றரில் 15 பாகை திருப்பினால் ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் 5 செ.மீ. போய்விடும். எஃப் 1.8 இல் கண் எல்லைக்கோட்டில் நிற்கும். எஃப் 1.4 இல் கண் போய்விடும், காதுப் பக்கம் கூர்மையாக வரும். ஆகவே புள்ளியையே கிட்டவுள்ள கண்ணுக்கு நகர்த்துங்கள். கண்ணைத் தானாகத் தேடுகிற மிரர்லெஸ் கமராவில் இந்தக் கரைச்சல் குறைவு. ஆனாலும் மூக்குக்கண்ணாடி போட்டவர்களில் அது சிலவேளை கண்ணாடியின் சட்டத்தைப் பிடிக்கும். பெரிதாக்கிப் பார்த்த பிறகே ஆளைக் கதிரையை விட்டு எழும்ப விடுங்கள்.

பாலையூற்றில் இருந்து:

உவர்மலை அண்ணா சொல்வது சரி. ஆனால் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கமரா) வைத்திருக்கிறவர்களுக்குப் புள்ளியை நகர்த்துவது சரிவராது. மங்கல் வெளிச்சத்தில் ஓரப் புள்ளிகள் பிடிக்காது, லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். நம்பக்கூடியது நடுப்புள்ளி ஒன்றுதான். அதற்கு வழி, அரை எட்டுப் பின்னால் போய், கண்ணை நடுவிலேயே வைத்து எடுத்து, பிறகு வெட்டுவது. 24 மெகாபிக்சலில் மூன்றில் ஒன்றை வெட்டினாலும் ஏ4 அச்சுக்குத் தாராளம். பின்னால் போவதால் ஆழமும் கூடும்.

எடுக்கிற படம் எல்லாமே ஒரே பக்கம் விலகினால் கையில் பிழை இல்லை. அடிமட்டம் ஒன்றைச் சிறிய எண்கள் உங்கள் பக்கம் இருக்க 45 பாகையில் சாய்த்து வைத்து, 15 செ.மீ. கோட்டில் ஃபோகஸ் பிடித்து, முக்காலியில் வைத்துப் பத்துப் படம் எடுங்கள். பத்திலும் 16 ஆம் கோடு கூர்மையாக வந்தால் லென்ஸ் பின்னால் பிடிக்கிறது. ஃபோகஸ் திருத்தம் மெனுவில் இருக்கிற கமரா என்றால் அங்கேயே சரிசெய்யலாம். இல்லாவிட்டால் லைவ் வியூவில் கமராவின் உள்கண்ணாடியைத் தூக்கி, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் திருகுவதே மேல்.

உப்புவெளியில் இருந்து:

கடைவாசல் வெளிச்சத்தில் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி பல்புகள் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். ஷட்டர் வேகத்தை 1/160, 1/250 செக்கன் என்று வைத்தால் முகத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி விழும், ஓசையில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டரில் இன்னும் மோசம். 1/100 இல் ஒரு முழுச் சுற்று உள்ளே வந்துவிடுவதால் பட்டி மறையும், 1/50 இலும் அப்படித்தான். கச்சான் வண்டில் பல்புக்குப் பக்கத்தில் எஃப் 1.8, 1/100, ஐஎஸ்ஓ (சென்சரின் உணர்திறன்) 800 இல் தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள். ஓடுகிற எழுத்துப் பலகைகள் வேறு வேகத்தில் மினுங்குகிறவை. அவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அந்த வெளிச்சத்தை முகத்தில் விழ விடாதீர்கள்.

மட்டிக்களியில் இருந்து:

குத்துவிளக்கைப் பற்றி எழுதத்தான் வந்தேன். கோணேசர் நகர்வலம் வருகிற இரவுகளில் வாசலில் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் எரிகிற ஐந்து திரி போதும், மின்விளக்கே வேண்டாம். முகம் விளக்கிலிருந்து அரை மீற்றரில் இருந்தால் எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200, 1/80 செக்கன் கிட்டத்தட்டச் சரியாக வரும். ஒரு மீற்றருக்குப் பின்வாங்கினால் வெளிச்சம் காலாகிவிடும். அதே ஐஎஸ்ஓவில் 1/20 வேண்டும், ஆள் அசைந்து குழம்பும். கமராவில் இருக்கிற ஆட்ட நிறுத்தி உங்கள் கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், அவர் தலையாட்டத்தை அல்ல. ஐஎஸ்ஓவைக் கூட்ட முதல் ஆளை விளக்குக்குக் கிட்ட இருத்துங்கள். சேலைத் தலைப்பையும் விரித்த தலைமயிரையும் மட்டும் சுடருக்கு எட்டாமல் பின்னால் ஒதுக்கிவிடுங்கள்.

உயரம் முக்கியம். நிற்கிற ஆளுக்கு நிலத்து விளக்கின் ஒளி கீழிருந்து ஏறும், மூக்கின் நிழல் நெற்றிக்குப் போய் முகம் பயங்கரமாகத் தெரியும். பாய் விரித்துச் சம்மணம் கட்டி இருக்கச் சொன்னால் சுடர் நாடிக்கும் கண்ணுக்கும் நடுவில் வரும். நேர் முன்னால் வேண்டாம், சற்றுப் பக்கமாக. நிழல் விழுகிற கன்னத்துக்கு இரண்டடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் அந்தப் பக்கம் மெல்லத் திறக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். சுடர் ஆடினால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். எல்லாம் அமைந்தால் கறுத்த விழியில் ஐந்து திரியும் ஐந்து பொட்டாகத் தெரியும். அந்தப் பொட்டுகள் தனித்தனியாக எண்ணக்கூடியதாக இருந்தால் ஃபோகஸ் சரி, ஒரே திட்டாக இருந்தால் பிழை. இதை விட நல்ல சோதனை கிடையாது.

சுடரின் நிறம் 2000 கெல்வினுக்குப் பக்கத்தில். பல கமராக்கள் 2500க்குக் கீழே இறங்காது. ரோ கோப்பில் (கமரா பதப்படுத்தாத கோப்பு) எடுத்தால் பிறகு குளிர்விக்கலாம், ஆனால் மஞ்சளை முழுக்கத் துடைத்தெடுக்காதீர்கள், பிறகு அது விளக்கொளி அல்ல. சிவப்பு நிறம்தான் முதலில் நிரம்பி வழியும், நெற்றியும் கன்னமும் விவரமில்லாத செம்மஞ்சள் திட்டாகும். மூன்று நிற ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச வரைபடம்) சிவப்பைத் தனியாகப் பார்த்து, வலது ஓரத்தில் முட்டினால் மூன்றில் இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறையுங்கள். சுற்றிவர இருட்டென்பதால் முழுச் சட்டகத்தையும் அளக்கிற ஒளிமானி படத்தைக் கூடுதலாக வெளுப்பாக்கும், ஒரு புள்ளியை மட்டும் அளக்கிற ஸ்பொட் ஒளிமானியை முகத்தில் வையுங்கள். கறுத்த முகமென்றால் அதிலும் சிறிது குறைக்க வேண்டும். கறுப்பு கறுப்பாகவே வரட்டும். அதை மாநிறமாக்கிக் கொடுப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

உவர்மலையில் இருந்து, மறுபடியும்:

டச்பே கடற்கரையில் அந்தி நேரத்தில் எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தார்கள். கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் ஊருக்குப் பின்னால்தான் விழும். ஆள் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் மேற்கு வானத்து ஒளி முகத்தில் மெதுவாக விழும், பின்னால் கடல் நீலமாகும். அந்த நேரம் எங்களுக்கு இருபது நிமிடம் சொச்சம்தான். வெளிச்சம் வேகமாக இறங்கும், ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கோட்டைப் பக்கம் போனால் உள்ளே இராணுவ முகாம் இருப்பதை மறக்காதீர்கள், அந்தக் கட்டடங்கள் பின்னணியில் வரக் கூடாது.

குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள். கடற்காற்று அரை மணித்தியாலத்தில் முன்கண்ணாடியில் உப்புப் படலம் பூசிவிடும், கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொரு விளக்கையும் சுற்றி வெண்புகை வளையமாகப் படத்தில்தான் தெரியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புமணி கீறும். முதலில் ஊதி, பிறகு லென்ஸ் திரவத்தில் நனைத்த துணியால் நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். பாதுகாப்புக்குப் போட்ட யூவி ஃபில்டரைக் கடற்கரையில் விட்டு வைக்கலாம். விளக்கு சட்டகத்துக்குள் வந்தால் கழற்றுங்கள், சுடரின் பிரதிபிம்பம் தலைகீழாக வந்து கன்னத்தில் குந்தும்.

பாலையூற்றில் இருந்து:

சோடியாக எடுக்கிறவர்கள் எஃப் 2.8க்கு மூடுங்கள், இரண்டு பேரின் கண்ணும் கமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். சரிகைக் கரையிலும் மூக்குத்திக் கல்லிலும் முன்னால் ஊதா, பின்னால் பச்சை ஓரம் வருவது முழுத்துளையில்தான். அதுவும் 2.8 இல் பெரும்பாலும் அடங்கிவிடும்.