பையனுக்கு சம்மர் ஹாக்கி கேம்ப்பா, இல்ல குடியாத்தமா?

குடியாத்தம்_பிராம்ப்டன்:
வணக்கம் எல்லாருக்கும். நான் குடியாத்தம், இப்ப கனடால டொராண்டோ பக்கம் பிராம்ப்டன்ல இருக்கோம். பையனுக்கு 9 வயசு, நவம்பர்ல பொறந்தவன், ஐஸ் ஹாக்கின்னா உசுரு. இந்த வாட்டி ரெப் டீம் (வெளியூரு டீமுங்களோட மோதுற மேல் டீம்) ட்ரைஅவுட்ல, அதாவது ஆள் எடுக்குற டெஸ்ட்ல, எடுக்கல, ஹவுஸ் லீக்தான் (யாரு வேணா சேந்து ஆடுறது). இப்ப இன்னா பிரச்சனைன்னா, தனியா கோச்சிங் குடுக்குற ஒருத்தரு சம்மர் பூரா உடாம ஐஸ்ல எறக்குங்க, 10 வயசுக்குள்ள மேல வரலன்னா அவ்ளோதான்றாரு. ஆனா ஜூலை ஆகஸ்ட்டுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு, எங்க நைனா பேரன் வரான்னு தெருவெல்லாம் சொல்லினு கீறாரு (மே மாசம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வரத்தான் ஆசை, அப்ப இங்க ஸ்கூல் இருக்குது). டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு கேம்ப்ல போடவா? காசும் கொஞ்சநஞ்சம் இல்ல.

சத்துவாச்சாரி_பிடி:
எங்க ஊர்ல ஐஸ்ன்னா ஜூஸ் கடைல போடுறதுதான், அதனால ஹாக்கி பத்தி பேச எனக்கு அருகதை இல்ல. ஆனா பளு தூக்குறத கூடவே பாத்து வளந்தவன். சின்னப் பசங்க வந்தா எடுத்ததும் வெயிட் ஏத்தமாட்டாங்கபா, வெறும் ராடு இல்லன்னா குச்சிதான், முதுகு நேரா நிக்குதா, உக்காரசொல்ல முட்டி எங்க போவுதுன்னு அதையே பாத்துனு இருப்பாங்க. பசங்களுக்கு போர் அடிக்கும், அப்பாங்களுக்கு அதவிட. எங்க ஏரியா சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 77 கிலோ பிரிவுல ரெண்டு விதமா தூக்குறதுல 149, 179ன்னு மொத்தம் 328 கிலோ தூக்கி தங்கம் வாங்கசொல்ல வயசு 22. 2018லயும் தங்கம். 10 வயசுல எவ்ளோ தூக்கினாருன்னு இப்ப எவன் கேக்குறான்?

காட்பாடி_மினசோட்டா:
அண்ணா, நவம்பர்னு சொன்னீங்களே, பாதி பதில் அதுலயே இருக்கு. கனடால வயசு பிரிக்கிறது ஜனவரி 1லேர்ந்து, அப்ப அதே வருஷம் ஜனவரில பொறந்த பையன் உங்க பையனவிட பத்து மாசம் பெரியவன், அந்த வயசுல பத்து மாசம்னா ஒசரமும் பலமும் எவ்ளோ மாறும், ட்ரைஅவுட்ல திறமைன்னு எடுக்குறதுல பாதி வெறும் வளர்த்திதான். ரோஜர் பார்ன்ஸ்லின்னு ஒரு கனடா சைக்காலஜிஸ்ட் 1980கள்லயே டீம் லிஸ்ட்ட வெச்சி இத காட்டிட்டாரு.

இங்க அமெரிக்கால ஹாக்கிய நடத்துற யுஎஸ்ஏ ஹாக்கி அமைப்பு 2009ல ஏடிஎம்னு (அமெரிக்கன் டெவலப்மென்ட் மாடல்) பசங்களுக்கு பயிற்சி குடுக்குற ஒரு முறை கொண்டாந்தாங்க. சின்னதுங்களுக்கு 200 அடி ஐஸ் மைதானத்த முழுசா குடுக்காம குறுக்க தடுத்து ஆட உடுறது, ஏன்னா முழு ஐஸ்ல வேகமா போற ஒருத்தன்தான் பக்கை (பந்துக்கு பதிலா இருக்குற ரப்பர் வட்டு) தள்ளினு போவான், மத்ததுங்க பின்னாடியே சறுக்கினு போவும். எடம் சின்னதான எல்லாருக்கும் பக் கெடைக்கும், சட்டுனு திரும்பணும், தலைய தூக்கி பாக்கணும். கனடாலயும் சின்ன பிரிவுங்களுக்கு பாதி ஐஸ்தான், 11-12 வயசு பிரிவுல பாடி செக்கிங்க (ஒடம்பால இடிச்சி தடுக்குறது) 2013லயே எடுத்துட்டாங்க. இவ்ளோ பொறுமையா அவங்களே போவசொல்ல அந்த கோச்சுக்கு இன்னா அவசரம், ஃபீஸ் அவசரமோ?

பின்னாடி பெரிய ஆளான பாவெல் டாட்ஸ்யுக்க என்ஹெச்எல் (இங்க இருக்குற பெரிய ஹாக்கி லீக்) டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க புது ஆளுங்கள வரிசையா எடுக்குறதுல, 171வதா எடுத்தாங்க, மார்ட்டின் செயின்ட் லூயிய எவனும் எடுக்கவே இல்ல, அவரு 2004ல லீக்லயே மதிப்பான ஆட்டக்காரருக்கு குடுக்குற ஹார்ட் டிராஃபி வாங்கினாரு. ஹாக்கில பெரிய பேரு, கிரெட்ஸ்கியே சின்ன வயசுல வெயில் காலத்துல பேஸ்பால், லாக்ரோஸ்னு ஆடினவருதான்.

ஆரணி_ஆளு:
தம்பி சொல்றது சரிதான், ஆனா ஒரு பக்கம்தான். மேல் டீம்ல போறவனுக்கு நல்ல கோச், ஐஸ் டைமும் அதிகம், ஹவுஸ் லீக் பையனுக்கு அது கெடைக்காது, பொறுமையா இருன்னு சொல்லியே பின்னாடி தள்ளிடுவாங்க. ஸ்கேட்டிங்கு சின்ன வயசுல கால்ல ஏறணும், அத உட்றாதீங்க. டாட்ஸ்யுக் மாதிரி வராம போனவனுங்க பேரு யாருக்கும் தெரியாது.

காட்பாடி_மினசோட்டா:
ஒத்துக்குறேன் அண்ணா. ஸ்கேட்டிங் வேணும், அதுக்காக பன்னெண்டு மாசமும் வேணாம். ஒரே அசைவ வருஷம் பூரா பண்ணா வளர்ற வயசுல இடுப்பு மூட்டுல கோளாறு வரலாம்.

குடியாத்தம்_பிராம்ப்டன்:
ரொம்ப தேங்க்ஸ்பா. டிக்கெட்ட தொடல. செப்டம்பர்ல திரும்பினதும் வாரத்துல ஒரு பவர் ஸ்கேட்டிங் கிளாஸ் (சறுக்குறத மட்டும் சொல்லித்தர்றது) மட்டும் போடலாம்னு வூட்ல பேசினோம். இன்லைன் ஸ்கேட்ஸ் (தரைல ஓட்டுற சக்கரம் வெச்சது) எடுத்தாந்தா ஓட்டுறதுக்கு எடம் இருக்குமா நம்ம பக்கம்?

சத்துவாச்சாரி_பிடி:
எடுத்தா. சாயங்காலம் மழை வரும், காலைல ஓட்ட சொல்லு. மத்த நேரம் தெரு பசங்களோட கபடி ஆட உடு, ஸ்கூல் உட்டு அஞ்சு மணிக்கு மேலதான் வருவானுங்க.