வாடகைக்கு விட ஃபிளாட் வாங்கலாமா?

கேள்வி:
மேடவாக்கம் பக்கம் 55 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறேன், வாடகை 15,000 வரும் என்கிறார் புரோக்கர். 40 லட்சம் கடன் வாங்கணும். முதல் முறை, எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில் 1:
முதலில் கணக்குப் போடுங்கள் நண்பரே. 8.5% வட்டி, 20 வருடம் என்றால் தவணையே மாதம் சுமார் 34,700. வாடகை அதில் பாதிகூட வராது, மீதி உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும், அதுவும் வீடு ஒரு மாதம்கூடக் காலியாகக் கிடக்காமல் இருந்தால். சொத்து வரி, பராமரிப்பு, ஆள் மாறும்போது பெயின்ட் எல்லாம் தனி. கடனைக் குறைக்க முடியாதென்றால் பொறுங்கள்.

பதில் 2:
30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சான்று) போட்டு வக்கீலிடம் காட்டுங்கள். அப்புறம், மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நான் கோடையில் பார்த்து வாங்கினேன். நவம்பரில் குளியலறைச் சுவர் வழியாக ஈரம் ஏறி, படுக்கையறைப் பெயின்ட் உப்பி, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. கைக்குழந்தையோடு இருந்தவர்கள், பாவம், காலி செய்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

பதில் 3:
குடிவருபவர் தரும் பத்து மாத அட்வான்ஸை நம்பித் திட்டம் போடாதீர்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத வாடகைதான். வருமான வரியில், கட்டிய சொத்து வரி போக மீதி வாடகையில் 30% கழிவு உண்டு.

கேட்டவர்:
சரி, ஐப்பசி மழையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் தருவேன்.