பெயர் தெரியாமல் பணம் கட்டுவது யாழ்ப்பாணத்தில் நடக்கிற காரியமா?

பனையோலை:
முல்வாட் என்னும் சுவீடன் நாட்டு வி.பி.என். சேவை (இணையத்தில் நாம் பார்ப்பதை இணைப்புத் தருபவரிடமிருந்து மறைத்து, வேறொரு கணினி வழியே அனுப்புவது) மாதம் 5 யூரோ வாங்குகிறது. பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை. 16 இலக்கக் கணக்கு எண்ணை மட்டும் தருகிறது. ஆனால் அந்த 5 யூரோவை என் வங்கி அட்டையால் கட்டினால், மறைத்ததெல்லாம் வங்கிக் கூற்றில் ஒரு வரியாக வந்து நிற்கும். கொக்குவிலில் இருந்துகொண்டு பெயரில்லாமல் கட்ட வழி உண்டா, கட்டுவதில் பயன்தான் உண்டா?

நாவற்குழியான்:
பயன் இல்லை. நீங்கள் சேவையை வாங்கியது அந்த வரியில் தெரியுமே ஒழிய, அதன் வழியே எதைப் பார்த்தீர்கள் என்பது தெரியாது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் அரசு சமூக வலைத்தளங்களை முடக்கியபோது வி.பி.என். இறக்காத கைபேசி எங்கள் ஒழுங்கையில் இருக்கவில்லை; அதை வைத்திருப்பது மட்டும் யாரையும் தனித்துக் காட்டாது. மேலும், 2021 இல் பிரான்சின் காலநிலைச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐ.பி. முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்ணை) புரோட்டோன் மெயில் என்னும் சுவிஸ் மின்னஞ்சல் சேவை சுவிஸ் அதிகாரிகளிடம் கொடுக்க நேர்ந்தது. அவரைக் காட்டிக்கொடுத்தது பணம் அன்று, இணைய இணைப்பு.

வடலி:
நண்பர் காட்டிய உதாரணம் அவருக்கே எதிராக நிற்கிறது. தரவு கையில் இருக்கும் சேவை, சட்டக் கட்டளை வந்தால் கொடுத்தே ஆகவேண்டும். இல்லாததை எவராலும் கொடுக்க முடியாது. 2023 ஏப்ரலில் சுவீடன் பொலிசார் தேடுதல் ஆணையுடன் முல்வாட் அலுவலகத்துக்குப் போய் வெறுங்கையுடன் திரும்பினர். அதற்கு முந்தைய ஆண்டே, பணம் செலுத்துவோரின் விவரங்களை வைத்திருக்க வேண்டிவருகிறது என்பதற்காக, தானாகப் புதுப்பிக்கும் சந்தா முறையை அந்நிறுவனம் கைவிட்டிருந்தது. விற்பவரே தம் வருமானத்தைப் பொருட்படுத்தாமல் இதைப் பாரதூரமாக எடுக்கும்போது, வாங்குகிற நாங்கள் ஏன் இளக்காரமாக எண்ணவேண்டும்? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளைச் சந்திக்கும் ஊடகவியலாளர் ஒருவருக்கு, எந்த மாதத்திலிருந்து மறைவாகப் பேசத் தொடங்கினார் என்று பிறர் அறிவதே போதிய சிக்கல்.

நாவற்குழியான்:
சரி, எப்படிக் கட்டுவது? பிட்கொயின் என்னும் மெய்நிகர் நாணயத்தின் கொடுக்கல் வாங்கல் பேரேடு உலகமே பார்க்கத் திறந்து கிடக்கிறது. மொனேரோ என்னும் இன்னொரு மெய்நிகர் நாணயம் அனுப்புநரையும் தொகையையும் மறைக்கும் என்பது உண்மை. ஆனால் இலங்கை வங்கி அட்டையால் மெய்நிகர் நாணயம் வாங்க மத்திய வங்கி அனுமதிப்பதில்லை. யாரோ ஒருவரிடம் கைக்காசு கொடுத்து வாங்கினால் அது வங்கிக்கு வெளியே ஆள்வழியாகப் பணம் அனுப்பும் உண்டியல் போலத்தான்: ஏமாந்தால் முறையிட இடமில்லை.

பனையோலை:
முல்வாட்காரர் தபாலில் யூரோத் தாளையும் ஏற்கிறார்களே?

கோப்பாய்க் கிழவன்:
தம்பி, தபாற்கந்தோரில் காலம் கழித்தவன் சொல்கிறேன்: சாதாரணக் கடிதத்துக்குள் காசு வைக்காதீர்கள். தொலைந்தால் கேட்கவும் முடியாது.

வடலி:
அமேசானில் முல்வாட்டின் சுரண்டிப் பார்க்கும் அட்டை விற்கிறது. ஜேர்மனியில் இருக்கும் உறவினர் வாங்கினாலும், அட்டைக்குள் இருக்கும் எண்ணை யார் பயன்படுத்தினார் என்பது கடைக்குத் தெரியாது.

நாவற்குழியான்:
அந்த எண்ணை உங்களுக்கு அவர் வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவார். உங்கள் பெயர் இருந்த இடத்தில் அந்த உறவினரின் பெயர் ஏறும், அவ்வளவுதான்.

வடலி:
அதை ஒப்புக்கொள்கிறேன். படம் வேண்டாம்; நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது அட்டையைச் சுரண்டாமல் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பனையோலை:
ஜேர்மனியில் இருக்கும் சித்தப்பா ஆவணியில் வருகிறார். சொக்லேற்றோடு சேர்த்துக் கேட்டுப் பார்க்கிறேன்.