சரக்கு விமானிகளின் விடுப்பு: நாள்களை எண்ணுவதா, இரவுகளை எண்ணுவதா?

நள்ளிரவுத்தடம் எழுதியது:

சரக்கு விமானிகளுக்கு மாதத்தில் ஏறக்குறையப் பாதி நாள் விடுப்பு கிடைக்கிறது, அவர்கள் குறைகூற என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் வேறோர் இழையில் கேட்டிருந்தார். ஒன்பது ஆண்டுகளாகச் சரக்கு விமானத்தில் துணை விமானியாக இருப்பவன் என்ற முறையில் அதற்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் அட்டவணையில் 17 நாள் பணி, 13 நாள் விடுப்பு. பதினேழாம் நாள் அதிகாலை 5 மணிக்கு விமானத்தைத் தரையிறக்கிவிட்டு விடுதிக்குப் போய்ப் பகலில் நான்கைந்து மணி நேரம் அரைகுறையாக உறங்குகிறேன். நான் வசிக்கும் ஊர் வேறு, பணித்தளம் வேறு என்பதால் மறுநாள் வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் பயணியாக வீடு போய்ச் சேர்கிறேன். காகிதத்தில் அது என் முதல் விடுப்பு நாள். பதின்மூன்றாம் நாள் இதே பயணம் மறுதிசையில் நடக்கிறது. இடையில் இருக்கும் 11 நாள்களில் முதல் இரண்டு நாள்களும் இரவு 3 மணிக்கு விழித்துக்கொண்டு, பகல் 2 மணிக்குக் கண் செருகி, வீட்டில் இருந்தும் இல்லாதவனைப் போலக் கழிகின்றன. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது நான் உறங்கிக்கொண்டிருப்பேன்.

ஆகவே நான் வைக்கும் வாதம் இதுதான். விடுப்பை நாள்காட்டியின் கட்டங்களால் அளக்கக் கூடாது. சொந்தப் படுக்கையில் முழுமையாக உறங்கக் கிடைக்கும் இரவுகளால் அளக்க வேண்டும். பயணிகள் விமானிகளுக்கான ஓய்வு விதிகள் சரக்கு விமானிகளுக்கும் அப்படியே பொருந்த வேண்டும். அமெரிக்காவில் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி பயணிகள் விமானிகளுக்குப் பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வையும், அதற்குள் 8 மணி நேரம் இடையூறின்றி உறங்கும் வாய்ப்பையும், ஒவ்வொரு 168 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 30 மணி நேர விடுவிப்பையும் கட்டாயமாக்கியது. சரக்கு விமானிகளை அது வெளியே நிறுத்திவிட்டது. ஒரே வானம், ஒரே ஓடுபாதை, ஒரே வகை விமானம் என்றிருக்கும்போது இரண்டு விதிகள் ஏன்?

ரோஸ்டர்மேசை எழுதியது:

நண்பரே, உங்கள் களைப்பை நான் மறுக்கவில்லை. சரக்கு நிறுவனம் ஒன்றில் விமானிகளின் பணி அட்டவணை தயாரிக்கும் மேசையில் 14 ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறேன். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து தெரியும் கணக்கையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

சரக்கு இரவில்தான் நகர்கிறது. மாலையில் அனுப்புநர் ஒப்படைக்கும் பொதி மறுநாள் காலையில் பெறுநரிடம் இருக்க வேண்டும் என்றால், நள்ளிரவை ஒட்டி எல்லா விமானங்களும் ஒரே மையத்தில் இறங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் பொதிகள் பிரிக்கப்பட்டு, விடியும் முன் மீண்டும் புறப்பட்டாக வேண்டும். இதில் எந்த விதியும் இரவைப் பகலாக்கிவிடாது.

இப்போது நீங்கள் கேட்கும் விதியையே எடுத்துக்கொள்வோம். பயணிகள் விமானிகளுக்கான விதிப்படி, பின்னிரவு 2 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தொடும் பணிகளைத் தொடர்ந்து மூன்று இரவுகளுக்கு மேல் கொடுக்க முடியாது; ஒவ்வொரு இரவும் பணியின் நடுவே இரண்டு மணி நேரம் உறங்க வாய்ப்புக் கொடுத்தால் ஐந்து இரவுகள் வரை போகலாம். எங்கள் விமானிகளில் பலர் ஏழு இரவு பணி, ஏழு நாள் விடுப்பு என்று பறக்கிறார்கள். மாதத்தில் 14 இரவுகளை இரண்டு முறை வந்து முடித்துவிடுகிறார்கள். ஐந்து இரவு வரம்பு வந்தால் அதே 14 இரவுகளை ஐந்து, ஐந்து, நான்கு என மூன்று முறை வந்து முடிக்க வேண்டும். உங்களைப்போல் வெளியூரில் வசிப்பவருக்குப் போக்குவரத்தில் கழியும் நாள்கள் நான்கிலிருந்து ஆறாகும். நீங்கள் கேட்கும் விதியே நீங்கள் கேட்கும் இரவுகளைப் பறித்துவிடும்.

சட்டத்தின் குறைந்தபட்ச எல்லையில்தான் எல்லா நிறுவனங்களும் அட்டவணை போடுகின்றன என்பது போன்ற தொனி உங்கள் பதிவில் இருக்கிறது. அது சரியல்ல. பல நிறுவனங்களில் தொழிற்சங்க ஒப்பந்தம் சட்டத்தைவிடக் கடுமையானது. செலவையும் பார்க்க வேண்டும். சரக்கு நிறுவனங்களைச் சேர்த்தால் 306 மில்லியன் டாலர் செலவாகும், ஓர் உயிரிழப்பு விபத்தைத் தவிர்ப்பதன் பயன் அதிகபட்சம் சுமார் 33 மில்லியன் டாலர்தான் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே கணக்கிட்டது. விமானிகள் சங்கம் தொடுத்த வழக்கில் 2016இல் நீதிமன்றமும் அந்த முடிவில் தலையிடவில்லை.

உறக்கமருத்துவர் எழுதியது:

விமானப் பணியாளர்களின் உடல்நலம் பார்க்கும் மருத்துவர் நான். ரோஸ்டர்மேசை அவர்கள் தந்த அந்த 33 மில்லியன் டாலர் எப்படி வந்தது என்பதை இங்கே எழுதாமல் விடக் கூடாது. தவிர்க்கப்படும் விபத்தின் பயன், விமானத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை வைத்தே பெரும்பாலும் மதிப்பிடப்பட்டது. சரக்கு விமானத்தில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள் என்பதால் தொகை சிறிதாகிவிட்டது. பொருளியல் முறை என்ற அளவில் அதற்கு ஒரு தர்க்கம் இருக்கலாம். ஆனால் பின்னால் இருப்பது பயணிகளா பெட்டிகளா என்று விமானியின் மூளை பார்ப்பதில்லை.

பின்னிரவு 2 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே உடலின் வெப்பநிலையும் விழிப்புணர்வும் மிகத் தாழ்ந்த நிலைக்குப் போகின்றன. ஏழு இரவுகள் தொடர்ந்து பறந்தால் உடல் பழகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்படிப் பழகுவதில்லை. ஒவ்வொரு காலையும் விடுதிக்குப் போகும் வழியில் முகத்தில் படும் வெயில் உடல் கடிகாரத்தைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுகிறது. பகல் உறக்கம் இரவு உறக்கத்தைவிடக் குறுகியது, மேலோட்டமானது. அதனால் உறக்கக் கடன் இரவுக்கு இரவு கூடிக்கொண்டே போகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் நிலைக்குத் தாழ்கிறது என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. மது அருந்தியவரை விமானி அறைக்குள் விடுவோமா?

1993 ஆகஸ்ட் 18 அன்று கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடாவில் ஒரு டிசி-8 சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. இரவுப் பணியை முடித்திருந்த குழுவுக்கு எதிர்பாராமல் கூடுதல் பயணம் ஒன்று தரப்பட்டிருந்தது. விபத்து நடந்தபோது கேப்டன் ஏறத்தாழ 23 மணி நேரத்துக்கும் மேலாக விழித்திருந்தார். மூவரும் படுகாயங்களோடு உயிர் பிழைத்தார்கள். களைப்பையே முதன்மைக் காரணமாக அமெரிக்க விசாரணை வாரியம் குறிப்பிட்ட முதல் விமான விபத்து அதுதான், அது ஒரு சரக்கு விமானம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய_கேப்டன் எழுதியது:

ஓய்வு பெற்றுவிட்ட என்னைப் போன்றவர்களும் இதில் ஒரு தரப்புதான். 31 ஆண்டுகள் பறந்தேன், அதில் பாதிக்கு மேல் சரக்கு. தொடர்ச்சியான நீண்ட விடுப்புக்காகத்தான் பயணிகள் விமானத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தேன். இரண்டு வாரம் முழுதாக வீட்டில் இருந்து என் தாயின் கடைசிக் காலத்தைப் பார்த்துக்கொண்டேன். பயணிகள் விமானத்தில் மூன்று நாள் பணி, இரண்டு நாள் வீடு என்று இருந்திருந்தால் அது நடந்திருக்காது. இளைஞர்கள் அந்தத் தொடர்ச்சியை உடைக்கச் சொல்வதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. 2013 ஆகஸ்ட் 14 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒரு ஏ300 சரக்கு விமானம் விடியும் முன் விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். அந்த விசாரணை அறிக்கை, துணை விமானியின் களைப்புக்குப் பணியில்லாத நேரத்தை அவர் சரியாகப் பயன்படுத்தாததும் ஒரு காரணம் என்றது. இறந்தவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஓய்வு நேரத்தைச் சட்டம் கொடுக்க முடியும், ஆனால் அந்த நேரத்தில் உறங்கவைக்க முடியாது. அந்தப் பொறுப்பு நம்முடையது.

நள்ளிரவுத்தடம் எழுதியது:

கேப்டன் ஐயா, உங்கள் தாயாரைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீண்ட விடுப்பின் மதிப்பை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் பர்மிங்ஹாம் விபத்தைப் பொறுப்புணர்வுக்கு மட்டும் சான்றாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த விமானத்தின் ஒலிப்பதிவில், அன்று அந்த இருவரும் ஓய்வு விதிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பயணிகள் விமானிகளுக்குக் கிடைக்கப்போகும் ஓய்வு சரக்கு விமானிகளுக்கு இல்லையே என்பதுதான் அவர்களின் பேச்சு. அதே அறிக்கை, துணை விமானியின் களைப்புக்கு உடல் கடிகாரத்தின் தாழ்ந்த நேரமும் ஒரு காரணம் என்றும், கேப்டனுக்கும் அதனால் களைப்பு இருந்திருக்கலாம் என்றும் சொன்னது. எத்தனை ஒழுக்கமாகப் பகலில் உறங்கினாலும் அந்த நேரத்தை ஒருவரால் ஒழுக்கத்தால் மட்டும் வெல்ல முடியாது.

ரோஸ்டர்மேசை அவர்களின் ஐந்து, ஐந்து, நான்கு கணக்கு சரியானது. அதை நான் யோசித்திருக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஐந்தாம் இரவின் தரையிறக்கத்துக்கும் ஏழாம் இரவின் தரையிறக்கத்துக்கும் என்ன வேறுபாடு என்பதை உங்கள் மேசையில் பார்க்க முடியாது. ஐந்தாம் இரவில் சரிபார்ப்புப் பட்டியலைப் படிக்கிறேன். ஏழாம் இரவில், ஒரு வரியைப் படித்தேனா, படித்ததாக நினைத்துக்கொண்டேனா என்று மீண்டும் மேலே போய்ப் பார்க்கிறேன்.

இதைவிட எனக்குக் கவலை தருவது ரிசர்வ் பணி, அதாவது அழைத்தால் வர வேண்டும் என்று காத்திருக்கும் பணி. ரிசர்வில் இருக்கும் விமானி காலை 7 மணிக்கு எழுகிறார், அன்று அழைப்பு வருமா வராதா என்று தெரியாது. இரவு 9 மணிக்குத் தொலைபேசி ஒலிக்கிறது. 11 மணிக்குப் பணிக்கு வர வேண்டும். விடிகாலை 5 மணிக்குத் தரையிறக்கும்போது அவர் 22 மணி நேரம் விழித்திருப்பார்.

உறக்கமருத்துவர் எழுதியது:

ஐரோப்பாவில் சரக்கு, பயணிகள் என்ற பிரிவினை இல்லை. 2016 முதல் இரு தரப்புக்கும் ஒரே விதி. அங்கே இரவுச் சரக்கு நின்றுவிடவில்லை. தொடர் ஓய்வு 36 மணி நேரம், அதற்குள் இரண்டு உள்ளூர் இரவுகள் இருக்க வேண்டும், இரண்டு தொடர் ஓய்வுகளுக்கிடையே 168 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று அந்த விதி சொல்கிறது. இழையைத் தொடங்கிய நண்பர் கேட்பதும் அதுவே: இரவுகளை எண்ணுங்கள். ஒரு சட்டம் ஏற்கெனவே அவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறது.

ரோஸ்டர்மேசை எழுதியது:

ஐரோப்பிய உதாரணத்தை முழுமையாக ஏற்க மாட்டேன். கண்டம் விட்டுக் கண்டம் இரண்டு வாரம் சுற்றிவரும் விமானிக்கு எந்த ஊரின் இரவு உள்ளூர் இரவு என்பதே ஒரு வழக்காகிவிடும். ஏழு இரவுகளை ஐந்தாக்குவதிலும் என் எதிர்ப்பு மாறவில்லை.

ரிசர்வ் பற்றி எழுதியதற்கு மட்டும் என்னிடம் மறுப்பு இல்லை. இரவு 9 மணி அழைப்புகளில் பலவற்றை நானே செய்திருக்கிறேன். அன்று பிற்பகலிலேயே யார் தேவைப்படுவார்கள் என்பது பெரும்பாலும் எங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசி நேர மாற்றம் வந்துவிடுமோ என்று அழைப்பைத் தள்ளிப்போடுவோம். அந்தத் தள்ளிப்போடுதலின் விலையை மறுமுனையில் இருப்பவர் விழித்திருந்து கொடுக்கிறார் என்று இதுவரை நான் கணக்கில் எடுத்ததில்லை. இரவு ரிசர்வைத் தனிப் பிரிவாக்கி, நண்பகலுக்குள் தகவல் சொல்லிவிடும் முறையை அடுத்த அட்டவணைக் கூட்டத்தில் எழுத்தில் வைக்கிறேன்.

நள்ளிரவுத்தடம் எழுதியது:

அதை வையுங்கள், நன்றி. என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். தொடர்ந்து பறக்கும் இரவுகள் ஐந்தைத் தாண்டாது என்று எழுதித் தந்தால், 13 நாளுக்குப் பதிலாக 11 நாள் விடுப்புக்கு நான் கையெழுத்திடுவேன்.

பழைய_கேப்டன் எழுதியது:

நான் உங்கள் வயதில் இருந்திருந்தால் கையெழுத்திட்டிருக்க மாட்டேன், தம்பி. ஆனால் உங்கள் வயதில் ஏழாம் இரவு எப்படி இருந்தது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அந்தத் தரையிறக்கங்களில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.